எப்படிப் பிடித்த சிறுநீர் இது?

மருத்துவமனையில் எடுக்கும் மாதிரிகளிலேயே கடினமானது ரத்தம்தான் என்று நினைப்போம். ஊசி, அழுகை, குழந்தையின் கையை இரண்டு பேர் இறுக்கிப் பிடித்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். எட்டு மாதக் குழந்தையின் சிறுநீர் அப்படியல்ல. "ஒண்ணுக்குப் போ" என்றால் புரியாத வயது; புரிந்தாலும் அடக்கவோ விடவோ தெரியாத வயது. பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்: ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தாயின் கையில் கொடுத்து, "இதுல பிடிச்சிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விடுவார். எப்படிப் பிடிப்பது, முதலில் எங்கே கழுவுவது, பிடித்தபின் எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவருவது என்று சொல்லித்தர அங்கே ஆள் போதாது. அந்த டப்பாவுக்குள் என்ன விழுகிறது என்பதை வைத்துத்தான் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் வேண்டுமா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா, படுக்கையில் சேர்க்க வேண்டுமா என்பதெல்லாம் முடிவாகிறது.

இந்தச் சோதனையை மருத்துவர்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை, காதிலும் தொண்டையிலும் குறை தெரியவில்லை. வீட்டில் "பல் முளைக்குது, அதான் சூடு" என்பார்கள், மாந்தம் என்பார்கள். இப்படிக் காரணம் பிடிபடாத காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறது. முன்தோல் நீக்காத, மூன்று மாதத்துக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஒரு வயதைத் தாண்டிவிட்டால் பெண் குழந்தைகளே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள்.

பெரியவர்கள் எரிகிறது, கடுக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கைக்குழந்தை சொல்லாது. பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், காரணமில்லாமல் சிணுங்கும், எடை ஏறாமல் நிற்கும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு மஞ்சள் காமாலை இழுத்துக்கொண்டே போவதுகூட இதன் அடையாளமாக இருக்கலாம். பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றால் பெரிய ஆபத்து இல்லை. மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டால் அங்கே தழும்பு விழக்கூடும். சில குழந்தைகளுக்குச் சிறுநீர் பையிலிருந்து மேல்நோக்கித் திரும்பிப் பாயும் குறை பிறவியிலேயே இருக்கும்; அவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். சிகிச்சை இரண்டு மூன்று நாட்களுக்குமேல் தள்ளிப்போனால் தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொற்றைத் தவறவிடுவது இதனால்தான் குற்றமாகிறது. இல்லாத தொற்றை இருப்பதாக எழுதிவிடுவதும் குற்றம்தான். அதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

லேபில் 'கல்ச்சர்' என்ற பெயரில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும். நுனியில் சின்ன வளையம் வைத்த கம்பியால் சிறுநீரில் ஒரு துளிக்கும் குறைவாக எடுத்து, கிருமிகளுக்குத் தீனி கலந்த தட்டில் இழுத்துப் பூசுவார்கள். தட்டை 37 டிகிரி வெப்பத்தில் இரவு முழுக்க வைத்தால், விழுந்த கிருமி ஒவ்வொன்றும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளிகளை எண்ணி, ஒரு மில்லி சிறுநீரில் எத்தனை கிருமிகள் இருந்தன என்று கணக்கிடுவார்கள். ரிப்போர்ட்டில் 'காலனி கவுண்ட்' என்று வருவது இந்த எண்.

எத்தனை இருந்தால் தொற்று? ஒரு மில்லிக்கு 1 லட்சம் என்ற எண்ணைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் செய்த ஆய்வுகளிலிருந்து பரவிய எண் அது. அவர் ஆராய்ந்தது வளர்ந்தவர்களை, பெரும்பாலும் பெண்களை. கைக்குழந்தையை வைத்து உருவான எல்லைக்கோடு அல்ல அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 50,000 போதும் என்று எல்லையைக் குறைத்தது. கூடவே இரண்டு நிபந்தனைகளையும் வைத்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் அணுக்களோ கிருமிகளோ தென்பட்டிருக்க வேண்டும்; மாதிரி கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகவோ அடிவயிற்றில் குத்தும் ஊசி வழியாகவோ எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரே எண், எடுத்த விதத்தைப் பொறுத்து வேறு வேறு பொருள் தருகிறது.

நலமாக இருக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பையில் உள்ள சிறுநீரை நேரடியாக எடுத்து இந்தத் தட்டில் பூசினால் அநேகமாக எதுவும் வளராது. அதே சிறுநீர் வெளியே வந்து, முன்தோலையோ பிறப்புறுப்பின் மடிப்புகளையோ தொடையையோ தொட்டுவிட்டால் கதை மாறிவிடுகிறது. டயப்பரோ துணியோ கட்டிய பகுதியில் மலத்திலிருந்து வந்த கிருமிகள் எந்நேரமும் இருக்கும். அவற்றில் ஈ.கோலை முக்கியமானது. குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றில் மிகப் பெரும்பங்கு ஈ.கோலையால் வருவது. தோலிலிருந்து கலந்த ஈ.கோலையும் சிறுநீர்ப்பையில் நோயை உண்டாக்கிய ஈ.கோலையும் தட்டில் ஒரே மாதிரிதான் வளரும். நுண்ணோக்கியிலும் வேறுபாடு தெரியாது. மூன்று நான்கு வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்தால் "இது கலப்படம்" என்று லேப் சொல்லிவிடும். ஒரே வகை வளர்ந்துவிட்டால் எவ்வளவு தேர்ந்த நுண்ணுயிரியலாளராலும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாது. அழுக்கு வாளியில் இறைத்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கிணறு சுத்தமா என்று கேட்பது போன்றது அது.

இந்தக் கலப்படத்துக்கு அதிகம் இடம்கொடுப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் பை. வலி இல்லை, அழுகை இல்லை, யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை, ஒட்டிவிட்டுப் போய்விடலாம். அதனாலேயே உலகெங்கும் பரவியது. ஆனால் பைக்குள் விழும் ஒவ்வொரு துளியும் தோலைக் கழுவிக்கொண்டுதான் விழுகிறது. விழுந்தபின் உடல் சூட்டிலேயே கிடக்கிறது. குழந்தை காலை உதைக்கும்போது தோலின் மேல் அலம்பி அலம்பி மறுபடி பைக்குள் சேர்கிறது. மெல்போர்னில் உள்ள ராயல் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து வந்த கணக்குகளின்படி, அடிவயிற்றில் ஊசி வைத்து எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு ஒன்று மட்டுமே கலப்படமாகிறது. கதீட்டரில் ஏறத்தாழ பத்து, வெளியே வரும்போது நேரடியாக டப்பாவில் பிடித்ததில் ஏறத்தாழ இருபத்தைந்து. பையில் எடுத்ததில் ஏறக்குறைய பாதி.

பாதி என்றால் மீதிப் பாதியாவது உதவுமே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் உடைந்துவிடும். காய்ச்சலோடு வந்த 1000 குழந்தைகளுக்கும் பையில் சிறுநீர் எடுத்துக் கல்ச்சர் செய்வதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் 50 பேருக்கு உண்மையான தொற்று. அந்த 50 பேரையும் சோதனை காட்டிவிடுகிறது. தொற்று இல்லாத 950 பேரில் நூற்றுக்கு முப்பது பேருக்குத் தோல் கிருமிகளால் மட்டும் 'பாசிட்டிவ்' வருகிறது; அது 285 பேர். ஆக மொத்தம் 335 பாசிட்டிவ் ரிப்போர்ட்டுகள். அவற்றில் உண்மையானவை 50. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. மீதி எண்பத்தைந்தும் பொய். இது நான் கற்பனையாகக் கட்டிய கணக்கு அல்ல. அமெரிக்கக் கழகம் தன் 2011 வழிகாட்டுதலில் இதே போன்ற கணக்கை வைத்துத்தான், பையில் எடுத்த சிறுநீரைக் கொண்டு தொற்றை உறுதி செய்யக் கூடாது என்று சொன்னது. இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவ வழிகாட்டுதல்களும் பையை ஏற்பதில்லை.

அந்த 285 குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாத ஆன்டிபயாடிக் ஒரு வாரம், பத்து நாள். அதனால் பேதி. குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தங்கிப்போதல். பிறகு ஸ்கேன். சிலருக்கு, சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டு மருந்து நிரப்பி எக்ஸ்ரே எடுக்கும் எம்.சி.யூ. சோதனை. பணம், அலைச்சல், தாயின் தூக்கமில்லாத இரவுகள். எல்லாமே ஒரு பையை ஒட்டிய வசதிக்காக. காய்ச்சலின் உண்மையான காரணம் வேறாக இருந்தால் அது அப்படியே மறைந்துகிடக்கும் என்பது இதில் மிகக் கொடுமை.

பைக்கு ஒரு நியாயமான பயன் உண்டு. பையில் எடுத்த சிறுநீரில் சீழ் அணுக்களும் இல்லை, கிருமியும் வளரவில்லை என்றால் தொற்று இல்லை என்பதை ஏறக்குறைய நம்பலாம். அதனால் சில மருத்துவமனைகளில், குழந்தை தெம்பாக இருந்தால் முதலில் பையில் எடுத்துச் சாதாரண யூரின் டெஸ்ட் மட்டும் செய்கிறார்கள். அதில் சந்தேகம் வந்தால் மட்டும் கதீட்டர் வைத்துக் கல்ச்சருக்கு எடுக்கிறார்கள். இது நல்ல வழி.

டயப்பரைப் பிழிந்து எடுக்கலாமா, பஞ்சு வைத்துப் பிடிக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. எதற்காக என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1934இல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளையும் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் கொண்டுபோனார். வேதியியலும் படித்திருந்த அவர், குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சை நிறமானது. சாதாரணச் சிறுநீரில் அப்படி வராது. இன்னும் இன்னும் சிறுநீர் கொண்டுவரச் சொல்லி, லிட்டர் லிட்டராகப் பிரித்து ஆராய்ந்து, ஃபீனைல் பைருவிக் அமிலம் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். இன்று ஃபீனைல்கீட்டோன்யூரியா என்று அழைக்கப்படும் பிறவி நோய் அப்படித்தான் தெரியவந்தது. 1950களின் கடைசியில் கலிபோர்னியாவில் வில்லார்டு சென்டர்வால் என்ற மருத்துவர், குழந்தையின் ஈரத்துணி மேலேயே ஃபெரிக் குளோரைடைச் சொட்டி நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் எளிய முறையைக் கொண்டுவந்தார். தேடுவது ஒரு வேதிப்பொருள் என்பதால் துணியில் இருந்த கிருமிகள் குறுக்கே வரவில்லை. அந்தச் சோதனைக்கும் ஒரு குறை இருந்தது. பிறந்து சில வாரங்கள் கழித்துத்தான் சிறுநீரில் நிறம் காட்டும். அதற்குள் மூளைக்குப் பாதிப்பு தொடங்கியிருக்கும். அதனால்தான் 1960களில் ராபர்ட் கத்ரி கொண்டுவந்த, குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. ஆக, வேதிப்பொருளைத் தேடுவதாக இருந்தால் பஞ்சோ துணியோ சில சோதனைகளுக்குப் பயன்படலாம். கிருமியைத் தேடுவதாக இருந்தால் கூடாது. பிரிட்டனில் இதற்கென்றே தயாரித்த உறிஞ்சு பட்டைகளை, நேரடியாகப் பிடிக்க முடியாதபோது மட்டும் அனுமதிக்கிறார்கள். பஞ்சையும் காஸ் துணியையும் மாதவிடாய்ப் பட்டையையும் பயன்படுத்த வேண்டாம் என்று அவர்களுடைய வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

வலியும் இல்லாமல் ஓரளவு நம்பகமாகவும் இருப்பது, சிறுநீர் வெளியே வரும்போதே காற்றில் பிடிப்பது. இதற்குப் பொறுமை வேண்டும். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க உடலே ஒரு வழி வைத்திருக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பூனை குட்டி போட்டால் குட்டிகளின் பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கும். சுத்தம் செய்கிறது என்று நினைப்போம். அதற்கும் மேலே ஒன்று நடக்கிறது. பிறந்த பூனைக்குட்டியாலும் எலிக்குட்டியாலும் தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. தாயின் நாக்கு பட்டதும் அந்தத் தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி போய், தண்டுவடம் சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்கிறது. சில வாரங்களில் மூளையிலிருந்து வரும் பாதை முதிர்ந்ததும் இந்த அனிச்சைச் செயல் மறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டி குரோட்டும் அவரது குழுவினரும் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதக் குழந்தையை அப்படி நக்கிவிட வேண்டியதில்லை. அது தானாகவே முதல் மாதங்களில் ஏறத்தாழ மணிக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கும். ஆனால் தோலைத் தொட்டால் பை சுருங்கும் பழக்கத்தின் மிச்சம் அதனிடமும் இருக்கிறது. துணி மாற்றும்போது குளிர்ந்த கை பட்டதும் மேலே பீய்ச்சி அடித்த குழந்தையைப் பார்க்காத வீடு உண்டா?

மருத்துவர்கள் இதைக் கையிலெடுத்தார்கள். ஸ்பெயினில் மாட்ரிட் அருகே உள்ள ஒரு மருத்துவமனையில், பிறந்து ஒரு மாதத்துக்கு உட்பட்ட 80 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. முறை எளிது. பால் கொடுத்துவிட்டு 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறப்புறுப்பைக் கழுவிய பிறகு, ஒருவர் குழந்தையை அக்குள்களில் பிடித்து, கால்கள் தொங்கும்படி தூக்கிக்கொள்கிறார். இன்னொருவர் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, விரல் நுனிகளால் நிமிடத்துக்கு நூறு என்ற வேகத்தில் அரை நிமிடம் மெல்லத் தட்டுகிறார். அடுத்த அரை நிமிடம், கீழ் முதுகில் தண்டுவடத்தின் இருபுறமும் கட்டைவிரல்களால் வட்டமாகத் தேய்க்கிறார். இதையே மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். நூற்றுக்கு 86 குழந்தைகளிடம் சிறுநீர் கிடைத்தது. சராசரியாக 57 விநாடியில். பிறகு வேறு மருத்துவமனைகளில், வயது கூடிய குழந்தைகளிடம் செய்தபோது இவ்வளவு வெற்றி இல்லை. மாதங்கள் ஏற ஏற மூளையின் பிடி இறுகுகிறது, தட்டலுக்குப் பை பதில் சொல்வது குறைகிறது.

மெல்போர்னில் ஜொனாதன் காஃப்மனும் உடன்பணியாற்றியவர்களும் இன்னும் எளிதான வழியைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு மாதம் முதல் ஒரு வயது வரையிலான 354 குழந்தைகள். ஒரு பாதியினருக்கு அடிவயிற்றில், குளிர்ந்த உப்புநீரில் நனைத்த காஸ் துணியால் வட்டமாகத் தேய்த்தார்கள். மறு பாதியினருக்குக் கழுவிவிட்டுச் சும்மா காத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தவர்கள் தேய்த்த பக்கம் நூற்றுக்கு 31. காத்திருந்த பக்கம் 12. குளிர்ந்த உப்புநீரில் நனைத்த ஒரு துணி, இவ்வளவுதான் செலவு. இதைவிட மலிவான கண்டுபிடிப்பை மருத்துவத்தில் பார்ப்பது அரிது. எந்தக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இன்றே தொடங்கலாம்.

நம் வீட்டுப் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே குழந்தையை இருத்தி, "ஸ்ஸ்... ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்து ஒண்ணுக்குப் போகவைப்பதும் இந்த வழியில் சேர்ந்ததுதான். குழந்தை எப்போது போகும் என்பதை நாள்தோறும் கவனித்து, அந்த நேரத்தில் அதே நிலையில் அதே சத்தத்தைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். அப்படிப் பழகிய குழந்தை என்றால் லேப் டப்பாவில் பிடிக்கப் பாட்டியைவிடத் தேர்ந்தவர் கிடையாது. தூங்கி எழுந்ததும், பால் குடித்து இருபது இருபத்தைந்து நிமிடம் கழித்தும் நல்ல நேரங்கள்.

பிடிப்பவர் முதலில் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தையின் பிறப்புறுப்பைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு, முன்னிருந்து பின்னாக, ஆசனவாயை நோக்கிக் கழுவிச் சுத்தமான துணியால் ஒற்ற வேண்டும். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் மலக்கிருமிகளை நாமே கொண்டுவந்து சேர்க்கிறோம். ஆண் குழந்தையின் முன்தோலைப் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. அந்த வயதில் அது ஒட்டியிருப்பது இயல்பு. பவுடரும் எண்ணெயும் வேண்டாம். டப்பா லேபில் கொடுத்த, கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். கழுவிக் காயவைத்த மருந்து பாட்டில் ஆகாது. மூடியை உள்பக்கம் தரையில் படும்படி வைக்க வேண்டாம், டப்பாவின் உள்ளே விரல் படவும் வேண்டாம். முதலில் வரும் கொஞ்சத்தைக் கீழே விட்டுவிட்டு அடுத்து வருவதைப் பிடித்தால் நல்லது, ஏனென்றால் முதல் பீய்ச்சல் வழியில் உள்ள கிருமிகளை அலசிக்கொண்டு வரும். டப்பா நிறைய வேண்டியதில்லை. கல்ச்சருக்கு ஓரிரு மில்லி போதும்.

காத்திருக்க முடியாத நேரங்கள் உண்டு. குழந்தை துவண்டு கிடக்கிறது, உடனே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்றால் மருத்துவர் மெல்லிய கதீட்டர் குழாயைச் செலுத்திச் சிறுநீர் எடுப்பார், அல்லது அடிவயிற்றில் ஊசி வைத்து எடுப்பார். "ஊசியை வயிற்றிலா?" என்று பெற்றோர் பதறுவது இயற்கை. பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பை இடுப்புக்கூட்டுக்குள் பதுங்கியிருக்கிறது. கைக்குழந்தைக்கு அது வயிற்றுப் பகுதியிலேயே, தோலுக்கு அருகில் இருக்கிறது. நிறைந்திருக்கும்போது ஊசி நேராகப் பைக்குள் போய்விடும். பை நிறைந்திருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டு செய்தால் குத்தியும் கிடைக்காமல் போவது குறைகிறது. வலிக்கும், உண்மைதான். ஆனால் ஒரு முறை வலித்து உறுதியான பதில் கிடைப்பது, மூன்று முறை பை ஒட்டிக் குழப்பமான பதில்கள் கிடைப்பதைவிட நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

பிடித்துவிட்டோம் என்றதும் வேலை முடிந்துவிடவில்லை. டப்பாவுக்குள்ளும் கிருமிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஈ.கோலைக்கு நல்ல சூடும் தீனியும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். நம் ஊர் வெயிலில் அரை மணிக்கு ஒரு முறை என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், நான்கு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகிவிடும். தோலிலிருந்து ஒட்டிவந்த சில நூறு கிருமிகள் மதியத்துக்குள் 'தொற்று' என்று எழுதும் எண்ணிக்கையை எட்டிவிடும். சித்திரை மாதத்தில் இரண்டு பஸ் மாறி டப்பாவைக் கைப்பையில் கொண்டுவரும் தாய்க்கு இதை யாராவது சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் உடனே பிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். வெகுதூரம் என்றால் போரிக் அமிலம் போட்ட டப்பாவை லேபில் கேட்டு வாங்கலாம். அது கிருமிகளைக் கொல்லாமல் பெருக்கத்தை நிறுத்திவைக்கும்.

உடனடியாகப் பதில் தரும் பட்டைச் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டையில் 'நைட்ரைட்' என்ற கட்டம் நிறம் மாறினால் தொற்று இருக்க மிகுந்த வாய்ப்பு. நிறம் மாறாவிட்டால் மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றக் கிருமிகளுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேண்டும். மணிக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கும் குழந்தையின் பையில் அவ்வளவு நேரம் அது தங்குவதே இல்லை.

கழிப்பறைக்குப் போகப் பழகிய இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளிடம் வேலை மிகவும் எளிது. ஆனாலும் கழுவுவதைத் தவிர்க்கக் கூடாது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், சோப்பால் கழுவிப் பிடித்த குழந்தைகளில் நூற்றுக்கு எட்டுப் பேரின் மாதிரி கலப்படமானது. கழுவாமல் பிடித்தவர்களிடம் இருபத்து நான்கு. பெண் குழந்தை கால்களை அகட்டி உட்கார வேண்டும். நம் ஊர்க் கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்காரும்போது அது தானாகவே அமைந்துவிடுகிறது. மேல்நாட்டுக் கோப்பை என்றால் திருப்பி, சுவரைப் பார்த்து உட்காரவைத்தால் கால்கள் விரியும்.

கிருமிக்காக அல்லாமல் புரதத்துக்காகச் சோதிக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் வெளியேறும் நெஃப்ரோட்டிக் நோய் உள்ள குழந்தைகளின் தாய்மார் தினமும் காலையில் வீட்டிலேயே பட்டை வைத்தோ சிறுநீரைச் சூடாக்கியோ புரதம் போகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறார்கள். அதற்குக் காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் வேண்டும். ஓடியாடிய பிறகு எடுத்தால் நலமான குழந்தைக்கும் கொஞ்சம் புரதம் காட்டக்கூடும். 24 மணி நேரச் சிறுநீரையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. சின்னக் குழந்தையிடம் அது நடக்காத காரியம். இப்போது ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

பெற்றோருக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் டப்பாவோடு உட்கார்ந்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவர்கள், ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்தால் எந்த முறையில் எடுத்த மாதிரி என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பையில் எடுத்ததென்றால் மறுபடி சரியாக எடுக்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல மருத்துவர் அதை வரவேற்பார். இன்னொன்றும் முக்கியம். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளை உள்ளே போன சில மணி நேரங்களிலேயே சிறுநீரில் கிருமிகள் மறையத் தொடங்கிவிடும். பிறகு எவ்வளவு சுத்தமாகப் பிடித்தாலும் தட்டில் எதுவும் வளராது, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றும் தெரியாது. அதனால் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதினால், முதல் வேளையைக் கொடுப்பதற்கு முன்பே யூரின் கல்ச்சருக்கு எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.